ஹைட்ரஜனில் ஓடிய எஞ்சின்கள்



எஞ்சின் இல்லாத வாழ்க்கையை இன்று நம்மால் எண்ணிப் பார்க்கவே முடியவில்லை. புல்வெட்டும் இயந்திரம், மருந்து தெளிக்கும் இயந்திரம், செம்பனைக் குலைகளை ஆலைக்குக் கொண்டு செல்லும் லோரி, பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்லும் மோட்டார் சைக்கிள் என்று, காலை முதல் மாலை வரை நம்மைச் சுற்றி எஞ்சின்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. இவற்றில் சில பெட்ரோலில் ஓடுகின்றன. சில டீசலில் ஓடுகின்றன. எஞ்சின் என்று சொன்னவுடன் பெட்ரோல் நிலையம்தான் நம் நினைவுக்கு வருகிறது. எஞ்சினும் பெட்ரோலும் ஒரே நாளில் பிறந்த இரட்டைப் பிள்ளைகள் என்றுகூட நம்மில் பலர் எண்ணியிருக்கக்கூடும்.

உண்மை அதுவன்று. தனக்குள்ளேயே எரிபொருளை எரித்து ஓடும் எஞ்சின், சக்கரம் வைத்த ஒரு வண்டியை முதன்முதலில் நகர்த்தியபோது, அதற்குப் பெட்ரோல் ஊற்றப்படவில்லை. ஒரு பையில் அடைத்து வைத்த ஹைட்ரஜன் என்னும் வாயுவே அதற்கு உணவாக இருந்தது.

இன்றைய உரையில் அந்த ஹைட்ரஜன் எஞ்சினின் வரலாற்றைக் காண்போம். இரு நூற்றாண்டுகளுக்கும் மேலாக இந்த எஞ்சின் தோன்றுவதும் மறைவதுமாகவே இருந்து வருகிறது. அது ஏன் தோன்றியது, ஏன் மறைந்தது, இப்பொழுது மீண்டும் ஏன் பேசப்படுகிறது என்பவற்றை அறிந்துகொண்டால், நாளை நம் வீட்டு வாசலுக்கு ஒரு புதிய எரிபொருள் வரும்போது, அதைப் பற்றி என்ன கேள்வி கேட்க வேண்டும் என்பது நமக்குத் தெரிந்திருக்கும்.

முதலில் எஞ்சின் எப்படி ஓடுகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். உலை கொதிக்கும்போது ஆவி பானையின் மூடியைத் தூக்குவதைத் தாய்மார்கள் நாள்தோறும் பார்க்கிறார்கள். நீராவி எஞ்சினின் தத்துவம் அதுதான். அங்கே நெருப்பு வெளியே எரிகிறது. ஆவி உள்ளே தள்ளுகிறது. ஆனால், மோட்டார் சைக்கிளில் அப்படி இல்லை. சிலிண்டர் என்னும் இரும்புக் குழலுக்குள் எரிபொருளும் காற்றும் கலந்து நிற்கின்றன. பிளக்கிலிருந்து ஒரு தீப்பொறி விழுகிறது. கலவை வெடித்து, பிஸ்டன் என்னும் உருளையைத் தள்ளுகிறது. பிஸ்டன் சக்கரத்தைச் சுழற்றுகிறது. நெருப்பு உள்ளேயே எரிவதால் இதனை உள்ளெரி எஞ்சின் என்கிறோம். உள்ளே வெடிப்பது பெட்ரோலாகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. காற்றுடன் கலந்து விரைவாக எரியக்கூடிய எந்த வாயுவும் அந்த வேலையைச் செய்யும்.

ஹைட்ரஜன் அத்தகைய ஒரு வாயு. நீரகம் என்றும் நீர்வளி என்றும் தமிழில் இதனை அழைப்பதுண்டு. உலகில் உள்ள பொருள்கள் எல்லாவற்றிலும் மிகவும் இலேசானது இதுவே. நிறம் இல்லை, மணம் இல்லை. 1766ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டு விஞ்ஞானி ஹென்றி கேவண்டிஷ், உலோகத்தின்மீது அமிலத்தை ஊற்றினால் எழும் வாயுவைச் சேகரித்து ஆராய்ந்தார். அது தீப்பற்றி எரிவதைக் கண்டு, எரியும் காற்று என்று அதற்குப் பெயரிட்டார். அது எரிந்து முடிந்தபின் எஞ்சுவது வெறும் தண்ணீர்தான் என்பதும் பின்னர் தெரியவந்தது. அதனால் பிரெஞ்சு விஞ்ஞானி லவாசியே, நீரை உண்டாக்குவது எனப் பொருள்படும் ஹைட்ரஜன் என்ற பெயரை அதற்குச் சூட்டினார்.

இந்த இலேசான வாயுவைக் கொண்டு மனிதன் முதலில் செய்தது பலூன். 1783ஆம் ஆண்டு ஆகஸ்டு 27ஆம் நாள், ஜாக் சார்ல் என்னும் பிரெஞ்சுக்காரர், ஆளில்லாத ஹைட்ரஜன் பலூன் ஒன்றைப் பாரிஸ் நகரில் பறக்கவிட்டார். அது சில மைல் தொலைவில் இருந்த கொனேஸ் என்ற கிராமத்தில் போய் விழுந்தது. வானத்திலிருந்து ஏதோ பூதம் இறங்கிவிட்டது என்று அஞ்சிய கிராமத்து மக்கள், கையில் கிடைத்த வைக்கோல் கவைகளால் அதைக் குத்திக் கிழித்துவிட்டனர். அறியாத பொருளைக் கண்டு அஞ்சுவது எந்த நாட்டு மக்களுக்கும் இயல்புதான்.

இனி எஞ்சினுக்கு வருவோம். சுவிட்சர்லாந்தில் வாலே என்னும் மலைநாட்டில் ஃபிரான்சுவா இசாக் டி ரிவாஸ் என்பவர் வாழ்ந்துவந்தார். பீரங்கிப் படையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர் அவர். பீரங்கியில் மருந்து வெடித்துக் குண்டைத் தள்ளுவதைப் பல்லாண்டு பார்த்த மனிதருக்கு, அந்தத் தள்ளும் சக்தியை வண்டி ஓட்டப் பயன்படுத்தினால் என்ன என்ற எண்ணம் எழுந்ததில் வியப்பில்லை. 1800ஆம் ஆண்டில் இத்தாலியரான வோல்டா மின்கலத்தைக் கண்டுபிடித்திருந்தார். ஆகவே, மின்பொறிக்கு வழி பிறந்தது. பலூனுக்கு ஹைட்ரஜன் தயாரிக்கும் முறையும் தெரிந்திருந்தது. டி ரிவாஸ் இரண்டையும் சேர்த்தார். ஹைட்ரஜனும் காற்றும் சிலிண்டருக்குள் செல்ல, மின்பொறி அதை வெடிக்கச் செய்ய, பிஸ்டன் மேலெழுந்தது. 1807ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள் அவர் இதற்குக் காப்புரிமை பெற்றார்.

1813ஆம் ஆண்டில் இன்னும் பெரிய வண்டி ஒன்றைச் செய்து, வெவே என்னும் ஊரில் ஓட்டிக் காட்டினார். ஏறக்குறைய ஒரு டன் எடையுள்ள அந்த வண்டி, பாரமும் ஆட்களும் ஏற்றி, மேட்டுப் பாதையில் 26 மீட்டர் தூரம் சென்றது. மனிதன் நடக்கும் வேகத்தைவிடக் குறைந்த வேகந்தான். ஒவ்வொரு வெடிப்புக்கும் வண்டி சில மீட்டர் நகர்ந்து நிற்கும். பிறகு அடுத்த வெடிப்பு. வாயுவைத் திறந்து மூடும் வேலையைக் கையால் செய்ய வேண்டியிருந்தது. பார்த்தவர்கள் இதைப் பெரிதாக எண்ணவில்லை. நீராவிதான் வருங்காலம் என்று அன்று உலகம் நம்பியது. டி ரிவாஸ் 1828இல் காலமானார். அவருடைய வண்டியும் மறக்கப்பட்டது.

அவருக்குப்பின் 1820ஆம் ஆண்டில், இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரில், வில்லியம் சிசில் என்னும் பாதிரியார் அறிஞர் சபையொன்றில் ஒரு கட்டுரை படித்தார். ஹைட்ரஜனைக் கொண்டு இயந்திரத்தை இயக்கும் முறை அதில் விளக்கப்பட்டிருந்தது. ஹைட்ரஜன் வெடித்தபின் சிலிண்டருக்குள் வெற்றிடம் உண்டாகும். அந்த வெற்றிடத்தை நோக்கி வெளிக்காற்று பிஸ்டனை அழுத்தும். இதுவே அவர் கையாண்ட வழி. தம்முடைய மாதிரி எஞ்சின் நிமிடத்துக்கு 60 சுற்றுகள் ஒழுங்காகச் சுழன்றதாக அவர் தெரிவித்தார்.

பெட்ரோலைப் பற்றி எவரும் கனவிலும் எண்ணாத காலத்திலேயே, ஹைட்ரஜனைக் கொண்டு எஞ்சினை ஓட்டிக் காட்டிவிட்டார்கள் என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். அப்படியானால் ஹைட்ரஜன் ஏன் பின்தங்கியது?

விடை எஞ்சினில் இல்லை. எரிபொருளைச் செய்வதிலும் சேர்த்து வைப்பதிலும் இருக்கிறது. எடையை மட்டும் பார்த்தால் ஹைட்ரஜனுக்கு நிகரில்லை. ஒரு கிலோ ஹைட்ரஜன் தரும் வெப்பம், ஒரு கிலோ பெட்ரோல் தருவதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. ஆனால், அந்த ஒரு கிலோவை எதில் அடைப்பது? எட்டடி நீளமும் ஏழடி அகலமும் எட்டடி உயரமும் உள்ள ஓர் அறையை ஹைட்ரஜனால் நிரப்பினால், அந்த அறையில் இருப்பது சுமார் ஒரு கிலோதான். அதே அளவு வெப்பத்தைத் தர, நான்கு லிட்டருக்குச் சற்றுக் குறைவான பெட்ரோல் போதும். ஒரு பக்கம் ஓர் அறை; மறுபக்கம் கையில் தூக்கிச் செல்லும் ஒரு சிறு கலன். வண்டிக்காரர் எதைத் தேர்ந்தெடுப்பார்?

அதோடு, பெட்ரோலுக்கு மூலமான எண்ணெய் பூமியில் ஆயத்தமாகக் கிடந்தது. 1859ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் எட்வின் டிரேக் என்பவர் துளையிட்டு எண்ணெய் எடுத்தார். மறு ஆண்டில், அதாவது 1860இல், எத்தியேன் லெனுவார் பாரிஸ் நகரில் ஒரு வாயு எஞ்சினை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அது தெருவிளக்குகளுக்கு எரித்த நிலக்கரி வாயுவில் ஓடியது. அந்த நிலக்கரி வாயுவில் ஏறக்குறையப் பாதி அளவு ஹைட்ரஜன்தான்! 1876இல் ஜெர்மானியரான நிக்கலாஸ் ஆட்டோ, நான்கு அடிகளில் இயங்கும் எஞ்சினை உருவாக்கினார். 1886இல் கார்ல் பென்ஸ் தம்முடைய மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை பெற்றார். அன்று முதல் பெட்ரோலின் ஆட்சி தொடங்கியது. மலிவாகவும் தாராளமாகவும் எண்ணெய் கிடைத்தபோது, ஹைட்ரஜனை நாடுவார் யார்?

இருந்தாலும், ஒரு சிலர் அதைக் கைவிடவில்லை. 1920களில் இங்கிலாந்தின் புகழ்பெற்ற எஞ்சின் நிபுணர் ஹாரி ரிக்கார்டோ ஹைட்ரஜனைச் சோதித்துப் பார்த்தார். அங்கே ஒரு புதிய தொல்லை தலைகாட்டியது. பெட்ரோல் பற்றிக்கொள்வதற்கு வேண்டிய பொறியில் பத்தில் ஒரு பங்கு இருந்தாலே ஹைட்ரஜன் பற்றிக்கொள்ளும். சிலிண்டருக்குள் காய்ந்து சிவந்திருக்கும் ஒரு கரித்துணுக்கே போதும். பிளக் பொறி விடுவதற்கு முன்பே வாயு தீப்பிடித்து, வந்த வழியே நெருப்பு திரும்பி ஓடும். பழைய மோட்டார் சைக்கிள் சில நேரங்களில் படார் என்று திருப்பி வெடிப்பதை நாம் கேட்டிருக்கிறோம் அல்லவா? அதைவிடப் பல மடங்கு ஆபத்தானது இது.

இதற்கு ஜெர்மானியப் பொறியாளர் ருடால்ஃப் எர்ரன் ஒரு வழி கண்டார். காற்றையும் ஹைட்ரஜனையும் வெளியே கலந்து உள்ளே அனுப்பினால்தானே நெருப்பு திரும்பி வரும்? முதலில் காற்றை மட்டும் உள்ளே விட்டு, கதவை மூடிவிட்டு, அதன்பின் ஹைட்ரஜனைச் சிலிண்டருக்குள் நேரே செலுத்தினார். திரும்பி வர நெருப்புக்கு வழியில்லை. 1920களிலும் 1930களிலும் லோரி, பேருந்து எஞ்சின்களை இம்முறையில் அவர் மாற்றியமைத்தார். இன்றைய ஹைட்ரஜன் எஞ்சின்கள் சிலவும் இந்த வழியைப் பின்பற்றுகின்றன.

அந்த வேளையில் ஹைட்ரஜனுக்கு ஒரு கெட்ட பெயரும் வந்து சேர்ந்தது. 1937ஆம் ஆண்டு மே 6ஆம் நாள், ஹிண்டன்பர்க் என்னும் மாபெரும் ஜெர்மானிய ஆகாயக் கப்பல், அமெரிக்காவின் லேக்ஹர்ஸ்ட் என்ற இடத்தில் இறங்கும்போது தீப்பற்றியது. அதனை மிதக்கச் செய்தது ஹைட்ரஜன். கப்பலில் இருந்த 97 பேரில் 35 பேரும், தரையில் நின்ற ஓர் ஊழியரும் மாண்டனர். ஆகாயக் கப்பலின் எஞ்சின்கள் டீசலில் ஓடியவை. ஹைட்ரஜன் எஞ்சினுக்கும் இந்த விபத்துக்கும் தொடர்பில்லை. என்றாலும், ஹைட்ரஜன் என்றால் தீ என்ற எண்ணம் மக்கள் மனத்தில் ஆழப் பதிந்துவிட்டது.

நான்கு ஆண்டுகள் சென்றன. இரண்டாம் உலகப்போர் மூண்டிருந்தது. 1941ஆம் ஆண்டு செப்டம்பரில் ஜெர்மானியப் படை ரஷ்யாவின் லெனின்கிராட் நகரைச் சூழ்ந்துகொண்டது. இன்று அந்நகரின் பெயர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க். ஏறக்குறைய 900 நாள்கள் நீடித்த அந்த முற்றுகையில், பசியாலும் குளிராலும் மாண்டவர்கள் பல லட்சம் பேர். உணவு இல்லாத ஊரில் பெட்ரோல் மட்டும் எங்கிருந்து வரும்?

எதிரி விமானங்கள் தாழப் பறந்து குண்டு வீசாதபடி, நகரின்மேல் பெரிய தடுப்புப் பலூன்களைக் கம்பி வடத்தில் கட்டிப் பறக்கவிட்டிருந்தனர். பலூனுக்குள் ஹைட்ரஜன். நாளாக நாளாக அதில் காற்று கலந்துவிடும், பலூன் எழும்பாது. அப்போது அதைக் கீழே இறக்கி, பழைய வாயுவை வெளியே விட்டுவிட்டு, புதிய வாயுவை நிரப்புவார்கள். வடத்தைச் சுற்றி இறக்கும் பொறி, லோரியின் எஞ்சினால் இயங்கியது. லோரிக்கோ பெட்ரோல் இல்லை. பலூனை இறக்காவிட்டால் நகருக்குக் காவல் இல்லை.

அங்கே இராணுவத்தில் தொழில்நுட்பப் பணியில் இருந்த இளைஞர் போரிஸ் ஷெலிஷ்ச் இதைப் பார்த்தார். பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல்ஸ் வெர்ன் எழுதிய மர்மத் தீவு என்ற கதையில், வருங்காலத்தில் நிலக்கரிக்குப் பதிலாகத் தண்ணீரின் கூறுகளான ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் எரிபொருளாகும் என்று ஒரு பொறியாளர் பேசுவதாக வரும். அந்தக் கதை அவர் நினைவுக்கு வந்தது என்பர். வீணாக வெளியே விடும் இந்த வாயு எரியும் வாயுதானே? எஞ்சினுக்குக் கொடுத்தால் என்ன? பலூனிலிருந்து ஒரு குழாயை லோரி எஞ்சினின் காற்று வழியில் இணைத்தார். எஞ்சின் ஓடியது!

ஆனால், ரிக்கார்டோ கண்ட அதே தொல்லை இங்கும் வந்தது. நெருப்பு திரும்பி ஓடி, வாயு இருந்த கலன் வெடித்தது. ஷெலிஷ்சுக்கும் காயம் ஏற்பட்டது. அவர் மனம் தளரவில்லை. வாயு வரும் வழியில், தீயணைப்புக் கருவியின் உருளையைக் கொண்டு ஒரு தண்ணீர்த் தடுப்பை அமைத்தார். வாயு தண்ணீருக்குள் குமிழியிட்டு மேலெழுந்து எஞ்சினுக்குச் செல்லும். எஞ்சினிலிருந்து நெருப்பு திரும்பினால், தண்ணீரைத் தாண்டி வர முடியாது. எவ்வளவு எளிய வழி! பெரிய ஆய்வுக்கூடம் இல்லை. விலையுயர்ந்த கருவி இல்லை. கையில் இருந்ததைக் கொண்டு காரியம் நடந்தது. பின்னர் நூற்றுக்கணக்கான லோரி எஞ்சின்கள் இவ்வாறு மாற்றப்பட்டன. அவருக்குச் சிவப்பு நட்சத்திர விருது வழங்கப்பட்டது.

அதே போர்க்காலத்தில், ஜப்பானியர் ஆட்சியில் இருந்த நம் மலாயாவிலும் பெட்ரோல் கிடைக்கவில்லை. கரியை எரித்து, அதிலிருந்து எழும் வாயுவில் வண்டிகளை ஓட்டினர். அந்தக் கரிவாயுவில் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயுவோடு சிறிதளவு ஹைட்ரஜனும் உண்டு. போர் முடிந்தது, பெட்ரோல் வந்தது. லெனின்கிராட்டின் ஹைட்ரஜன் லோரியும் மறைந்தது. மலாயாவின் கரிவண்டியும் மறைந்தது. பஞ்ச காலத்தில் கிழங்கைத் தேடுவதும், அரிசி வந்தவுடன் கிழங்கை மறப்பதும் மனித இயல்பு.

மறுபடியும் ஒரு பஞ்சம் 1973ஆம் ஆண்டு அக்டோபரில் வந்தது. மத்தியக் கிழக்கில் போர் மூண்டதும், அரபு நாடுகள் சில நாடுகளுக்கு எண்ணெய் அனுப்ப மறுத்தன. சில மாதங்களுக்குள் எண்ணெய் விலை ஏறக்குறைய நான்கு மடங்கு ஆயிற்று. உடனே உலகம் ஹைட்ரஜனை நினைத்தது. ஜப்பானில் தோக்கியோ நகரின் முசாஷி தொழில்நுட்பக் கழகத்தில், பேராசிரியர் ஷோயிச்சி ஃபுருஹாமா 1974இல் ஒரு ஹைட்ரஜன் காரை உருவாக்கினார். மறு ஆண்டில், திரவமாக்கிய ஹைட்ரஜனில் ஓடும் காரையும் செய்து காட்டினார். 1979இல் ஜெர்மனியின் பிஎம்டபிள்யூ நிறுவனமும் ஒரு ஹைட்ரஜன் காரை அமைத்தது. 1986இல் எண்ணெய் விலை சரிந்தது. ஹைட்ரஜன் மேல் இருந்த ஆர்வமும் அதனோடு சரிந்தது.

2006ஆம் ஆண்டில் அதே பிஎம்டபிள்யூ நிறுவனம், பெட்ரோலிலும் ஹைட்ரஜனிலும் ஓடக்கூடிய காரை அறிமுகம் செய்து, சுமார் 100 கார்களைச் செய்தது. அதில் ஹைட்ரஜன் திரவமாக இருந்தது. ஹைட்ரஜன் திரவமாக வேண்டுமானால் பூச்சியத்துக்குக் கீழே 253 டிகிரி செல்சியஸ் வரை குளிர வேண்டும். வீட்டு ஐஸ்பெட்டியின் உறைபகுதியே பூச்சியத்துக்குக் கீழே 18 டிகிரிதான் என்பதை நினைத்துப் பாருங்கள். எவ்வளவு நல்ல தொட்டியானாலும் வெப்பம் சிறிது சிறிதாக உள்ளே நுழையும். காரை ஓட்டாமல் நிறுத்தி வைத்தால், பாதி நிரம்பிய தொட்டி ஒன்பது நாளில் காலியாகிவிடும். ஊருக்குப் போய்ப் பத்து நாள் கழித்து வந்தால், தொட்டியில் ஹைட்ரஜன் இராது! இருநூறு ஆண்டுகளுக்கு முன் டி ரிவாசின் பையில் தொடங்கிய சிக்கல் இன்னும் தீரவில்லை என்பதை இது காட்டியது.

இப்பொழுது மீண்டும் ஒரு முறை ஹைட்ரஜன் எஞ்சின் பேசப்படுகிறது. இம்முறை காரணம் எண்ணெய்ப் பஞ்சம் மட்டுமன்று. உலகம் சூடேறுவதும் ஒரு காரணம். பெட்ரோலும் டீசலும் எரிந்தால் கரியமில வாயு வெளியாகி, பூமியைப் போர்வைபோல் மூடிச் சூடேற்றுகிறது. ஹைட்ரஜன் எரிந்தால் நீராவிதான். வெப்பத்தின் மிகுதியால் காற்றிலுள்ள நைட்ரஜனும் சிறிது எரிந்து நைட்ரஜன் ஆக்சைடு என்னும் கெட்ட வாயு உண்டாவதுண்டு. அதை அடக்கவும் முறைகள் இருக்கின்றன. 2021ஆம் ஆண்டு மே மாதம், ஜப்பானில் நடந்த 24 மணி நேரக் கார்ப் பந்தயத்தில், தோயோத்தா நிறுவனத்தின் ஹைட்ரஜன் எஞ்சின் கார் ஓடி முடித்தது. மண் தோண்டும் மஞ்சள் நிற இயந்திரங்களால் நாம் அறிந்த ஜேசிபி நிறுவனத்தின் ஹைட்ரஜன் எஞ்சினுக்கு, 2025ஆம் ஆண்டு ஜனவரியில் ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் விற்பனை அனுமதி கிடைத்தது.

எஞ்சின் ஆயத்தமாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஹைட்ரஜன் எங்கிருந்து வரும்? நேயர்களே, இன்றைய உரையின் உயிர்நிலை இந்தக் கேள்விதான்.

பூமிக்குள் தனி ஹைட்ரஜன் சில இடங்களில் உண்டு. ஆப்பிரிக்காவில் மாலி நாட்டின் பூராகேபூகூ என்னும் சிற்றூரில், 1987இல் குடிநீருக்காகத் துளையிட்டார்கள். தண்ணீர் வரவில்லை, காற்றுதான் வந்தது. தொழிலாளி ஒருவர் சிகரெட்டும் கையுமாகக் குனிந்து பார்த்தபோது அது பற்றி எரிந்து, அவருக்குக் காயம் உண்டாயிற்று. துளையை அடைத்துவிட்டனர். பல ஆண்டுகள் கழித்துச் சோதித்தபோது, அது ஏறக்குறையத் தூய ஹைட்ரஜன் என்று தெரிந்தது. 2012இல் அதில் ஓர் எஞ்சினைப் பொருத்தி மின்சாரம் எடுத்தார்கள். அந்தச் சிற்றூருக்கு விளக்கு வந்தது.

ஆனால், இது அரிய கதை. உலகம் பயன்படுத்தும் ஹைட்ரஜன் ஏறக்குறைய முழுவதும் மனிதனால் செய்யப்படுவதே. 2023ஆம் ஆண்டில் உலகம் பயன்படுத்திய ஹைட்ரஜன் சுமார் 9 கோடியே 70 லட்சம் டன். அதன் பெரும்பகுதி இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் எடுக்கப்பட்டது. எரிவாயுவிலிருந்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுத்தால், ஒன்பது பத்துக் கிலோ கரியமில வாயு வெளியாகிறது. கரியமில வாயுவை மிகக் குறைவாக வெளியிட்டுச் செய்த ஹைட்ரஜன் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. இந்த ஹைட்ரஜன் நமக்கு அந்நியமானதுமன்று. தோட்டத்தில் நாம் மரத்தைச் சுற்றித் தூவும் யூரியா உரத்தைச் செய்வதற்கு இதே ஹைட்ரஜன்தான் வேண்டும்.

மற்றொரு வழி தண்ணீரை மின்சாரத்தால் பிரிப்பது. ஒரு கிலோ ஹைட்ரஜன் பெறுவதற்கு 50 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் செலவாகும். அந்த ஒரு கிலோவில் அடங்கியிருப்பது 33 யூனிட் அளவு சக்திதான். அதையும் எஞ்சினில் எரித்தால், மூன்றில் இரண்டு பங்கு வெப்பமாகப் போய்விடும். சக்கரத்துக்குச் சேர்வது பத்துப் பன்னிரண்டு யூனிட். ஆகவே, ஹைட்ரஜன் ஊற்று அன்று; குடம். வேறு எங்கோ கிணற்றில் மொண்ட தண்ணீரை அது சுமந்து வருகிறது. வழியில் பாதிக்கு மேல் சிந்தியும் விடுகிறது.

இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டால் நம் பணத்தையும் காப்பாற்றிக்கொள்ளலாம். தண்ணீரில் ஓடும் கார், தண்ணீர் ஊற்றினால் பெட்ரோல் மிச்சம் என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் ஸ்டான்லி மேயர் என்பவர், தம் கார் தண்ணீரில் ஓடும் என்று கூறிப் பலரிடம் பணம் திரட்டினார். அவரிடம் பணம் போட்ட இருவர் வழக்குத் தொடுத்தனர். அவருடைய கருவியை நிபுணர்கள் சோதித்தனர். 1996இல் ஓஹாயோ மாநில நீதிமன்றம் அதனை மோசடி என்று தீர்ப்பளித்து, வாங்கிய பணத்தைத் திருப்பித் தரும்படி உத்தரவிட்டது. தண்ணீர் என்பது எரிந்து முடிந்த ஹைட்ரஜன். அதாவது அடுப்புச் சாம்பலைப் போன்றது. சாம்பலை மறுபடியும் விறகாக்க வேண்டுமானால், விறகு எரிந்தபோது தந்த சக்தியைவிட அதிகச் சக்தியை நாம் செலவிட வேண்டும். மோட்டார் சைக்கிளில் மாட்டும் ஒரு சிறு புட்டி இந்த விதியை மாற்றிவிட முடியாது. சம்பளத்தில் மிச்சம் பிடித்த காசைக் கொடுப்பதற்கு முன், அந்தச் சக்தி எங்கிருந்து வருகிறது என்று ஒரு கேள்வி கேட்டாலே போதும். உண்மை வெளிப்பட்டுவிடும்.

நம் நாட்டிலும் ஹைட்ரஜன் வந்திருக்கிறது. சரவாக் மாநிலத்தின் கூச்சிங் நகரில், 2019ஆம் ஆண்டில், தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் செய்து, வண்டிகளில் நிரப்பும் நிலையம் திறக்கப்பட்டது. அங்கே அறிமுகமான பேருந்துகளில் உள்ளெரி எஞ்சின் இல்லை. ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் எடுக்கும் எரிபொருள் மின்கலம் இருக்கிறது. வண்டி எப்படியிருந்தாலும் ஹைட்ரஜன் ஒன்றுதான். சரவாக்கின் மின்சாரத்தில் பெரும்பகுதி அணைக்கட்டுகளிலிருந்து வருகிறது. ஆதலால், புகை குறைவு. இது பாராட்டத்தக்கதே. ஆயினும், அங்குள்ள பாக்குன் அணையைக் கட்டியபோது, காயான், கென்யா போன்ற இனத்தவர் சுமார் 10,000 பேர் தங்கள் ஆற்றங்கரை ஊர்களை விட்டுச் சுங்கை ஆசாப் என்னும் இடத்துக்குக் குடிபெயர நேர்ந்தது. தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த இடத்தை விட்டுப் போவது என்றால் என்ன என்பதை, தோட்ட மக்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

இதைச் சொல்வதனால் ஹைட்ரஜன் வேண்டாம் என்று நாம் கூறுவதாக எவரும் கொள்ள வேண்டாம். உலகம் சூடேறினால் மழை தவறுகிறது, வெயில் கடுமையாகிறது, வெட்டவெளியில் வேலை செய்கிறவர்களே முதலில் துன்பப்படுகிறார்கள். புகையில்லாத எரிபொருள் நமக்கு வேண்டும். பாரம் இழுக்கும் லோரிகளுக்கும் மண் தோண்டும் இயந்திரங்களுக்கும் ஹைட்ரஜன் எஞ்சின் நல்ல துணையாகலாம். ஆனால், புகைப்போக்கியை மட்டும் பார்த்து ஒரு வண்டியைத் தூய்மையானது என்று சொல்லிவிட முடியாது.

ஓடும் காரின் டயரைப் பார்க்கிறவர்களுக்கு, விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் மரமாக நடந்து பால் வெட்டியவரைத் தெரிவதில்லை. அந்த டயர் எங்கிருந்து வந்தது என்பது நமக்குத் தெரியும். ஒரு பொருளின் முடிவை மட்டும் பார்க்காமல் அதன் தொடக்கத்தையும் பார்க்கும் கண், தோட்டத்து வாழ்க்கை நமக்குத் தந்த கல்வி. அந்தக் கண்ணோடு ஹைட்ரஜனையும் பார்க்க வேண்டும். எதைக் கொண்டு செய்தார்கள்? எந்த மின்சாரம்? அதற்காக யார் எதை இழந்தார்கள்? இலாபம் யாருக்குச் சேர்கிறது?

டி ரிவாஸ் முதல் ஷெலிஷ்ச் வரை, எஞ்சினை ஓட்டிக் காட்டும் வேலையைப் பலர் செய்து முடித்துவிட்டார்கள். எஞ்சியிருப்பது, ஹைட்ரஜனை மலிவாகவும் தூய்மையாகவும், எவர் வயிற்றிலும் அடிக்காமலும் செய்யும் வேலை. அந்த வேலைக்கு வேதியியல் படித்தவர்கள் வேண்டும். பொறியியல் படித்தவர்கள் வேண்டும். பட்டறையில் கைத்தொழில் கற்றவர்களும் வேண்டும். பெற்றோர்களே, உங்கள் பிள்ளை விஞ்ஞானப் பாடத்தில் ஒரு கேள்வி கேட்டால், விடை தெரியாவிட்டாலும் அதட்டி அடக்கிவிடாதீர்கள். அந்தக் கேள்வியோடு அவர்களைப் பள்ளிக்கு அனுப்பி வையுங்கள். ஆசிரியர்களாகிய நாங்கள் அவர்களோடு சேர்ந்து விடை தேடுகிறோம்.